சோயாக் கட்டி ஸாண்ட்விச்

திருமயம் தாலுகாவைச் சேர்ந்த அரிமளம் நகரத்தார் ஊர்களுள் ஒன்று. அவ்வகுப்பினர் முற்காலத்தில் பர்மா, மலாயா முதலிய தேசங்களிற் சென்று கொடுக்கல் வாங்கல் நடத்திய வரலாறு நேயர் அறிந்ததே. அத்தேசங்களில் வழங்கும் உணவுகளுள் ஒன்று, சீனரிடமிருந்து பரவிய டோபு என்னும் சோயாக் கட்டி. பர்மாவில் ஷான் மக்கள் செய்யும் டோபுவோ கடலை மாவினால் ஆவது. சோயா அதிற் சிறிதும் இல்லை. பெயரொற்றுமை கண்டு மயங்கலாகாது. 1770-ஆம் ஆண்டிலேயே பெஞ்சமின் பிராங்கிளின் லண்டனிலிருந்து எழுதிய கடிதமொன்றில் இக்கட்டியைக் குறிப்பிட்டனர். நம் நாட்டில் 1935-இல் காந்தியடிகள் 'ஹரிஜன்' பத்திரிகையில் சோயாவைப் பற்றி எழுதினர்.

புலால் உண்ணாத இல்லங்களுக்கு இஃது ஏன் வேண்டுமெனிற் கூறுதும். உலர்ந்த சோயா 100 கிராமில் புரதம் ஏறக்குறைய 36 கிராம் உண்டு. துவரம் பருப்பிலோ 22 கிராம் அளவே. அன்றியும், சோயாவை முழுமையாய்ச் சமைத்தல் இன்றியமையாதது. பச்சைச் சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருளொன்று உளது. நெருப்பின் சூடே அதனை அழிக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். 250 கிராம் சோயாவை எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோல் களைந்து, ஆட்டுக்கல்லிலோ மின்சார யந்திரத்திலோ மையாக அரைத்து, இரண்டு லிட்டர் ஜலம் கூட்டித் துணியில் வடித்துப் பிழிந்து, அப்பாலை அடுப்பிலேற்றினால், கொதிநிலைக்கு முன்னரே நுரை பொங்கி எழும். கொதித்துவிட்டதெனக் கருதி இறக்கிவிடுவாருளர். அது மெய்க்கொதியன்று; சோயாவிலுள்ள ஸபோனின் என்னும் பொருளின் நுரையேயாம். அப்பாலை உண்டவர்க்குக் குமட்டலும் வாந்தியும் நேர்தல் கூடும். ஆதலின் நெருப்பைத் தணித்து, நுரையடங்கிய பின்னர் மெய்யாகவே கொதிக்கவிட்டு, அடிபிடியாது கிளறிக்கொண்டு பத்து நிமிஷம் காய்ச்சுக. எஞ்சிய சக்கையும் வேகாததே. அதனை அடைமாவிற் கலந்து நன்றாக வேகவைத்து உண்ணலாம்.

இறக்கிச் சில நிமிஷம் கழித்து, நான்கு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை ஒரு கிண்ணம் வெந்நீரில் கலந்து சிறிது சிறிதாக விட்டு, மெல்ல ஒருமுறை கிளறி மூடிவைக்க. பால் திரிந்து மஞ்சள் நீர் பிரியும். துணியில் வடித்து முடிந்து, தட்டின் மேல் வைத்து அம்மிக்குழவியைப் பாரமாக ஏற்றுக. அரைமணி நேரத்திற் கட்டி இறுகும்.

ஸாண்ட்விச்சுக்குக் கட்டியில் ஈரம் எவ்வளவு குறையுமோ அவ்வளவு நன்று. ஈரம் எண்ணெயில் ஆவியாகிப் பூச்சை உரித்துவிடும். ஆகவே விரற்கனமான வில்லைகளாக அறுத்துத் துணியால் ஒற்றி, உப்பும் மிளகுத் தூளும் தடவி, மைதாவைக் கெட்டியாகக் கரைத்த கரைசலில் தோய்த்து, ரொட்டித் தூளிற் புரட்டுக. முட்டை வேண்டுவதில்லை. பழைய ரொட்டியை வெயிலில் உலர்த்தி நொறுக்கினால் தூள் கிடைக்கும். புதுக்கோட்டைச் சீமையில் வெயிலுக்கா பஞ்சம்! பரபரவென்றிருக்கும் தூளே மொறுமொறுப்புத் தரும். மாவுபோல் அரைத்தது உதவாது. புரட்டிய வில்லைகளைக் கால்மணி நேரம் சும்மா வைத்திருப்பின் பூச்சு நன்கு ஒட்டும்.

கடலெண்ணெயைக் காயவைத்து ஒரு துணுக்குத் தூளை இடுக. உடனே சலசலத்து மேலெழுமாயின் பதமாம். எண்ணெய் சூடு குறைந்திருந்தால் வில்லை அதனைக் குடித்துவிடும். பொன்னிறமானதும் எடுத்து, கம்பித் தட்டில் வைக்க. ஒன்றன்மேலொன்றாக அடுக்கினால் அடியிலுள்ளது தன் ஆவியினாலேயே நனைந்து சோர்ந்துபோம்.

ரொட்டித் துண்டுகளை வாட்டி, உட்புறம் வெண்ணெய் தடவுக. துவையலின் ஈரம் ரொட்டியில் இறங்காதபடி அது தடுக்கும். அதன்மேல் புதினாத் துவையலும் வெங்காய வளையங்களும் வைத்து, வில்லையை இறுதியில் ஏற்றி மூடி உடனே பரிமாறுக. விடுதிக்குக் கட்டிக்கொண்டு செல்வோர் வில்லையைத் தனியே பொதிந்து, உண்ணும்போது சேர்த்துக் கொள்க.