பசுமைக் கட்டடம்: எதை முதலில் ஏற்பது?



பொதிகை மலையில் பிறந்து, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி, திருநெல்வேலிச் சீமைக்குச் சோறிட்டதுடன் வீடும் கட்டிக் கொடுத்தது. அதன் மணலாலும், குளத்து மண்ணில் சுட்ட செங்கல்லாலும் நம் ஊர்களின் சுவர்கள் எழுந்தன. அள்ள அள்ளக் குறையாது என்று எண்ணினோம். ஆறு பள்ளமாகிக்கொண்டே போனது. இறுதியில், 2010 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு ஐந்தாண்டுத் தடை விதிக்க நேர்ந்தது.

மேலப்பாளையம், காயல்பட்டினம் போன்ற நம் ஊர்களில், வளைகுடா நாடுகளில் வியர்வை சிந்திச் சேர்த்த பொருளைக் கொண்டு வீடு கட்டுவோர் ஏராளம். அவர்களுக்குக் கட்டிக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர்களிடம் இன்று 'பசுமை' என்னும் பெயரில் பல பொருள்கள் விற்கப்படுகின்றன. அனைத்தையும் ஏற்கப் பணம் போதாது. அனைத்தையும் ஒதுக்குவதும் முறையன்று. எனவே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: பொருள் எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறது? நம் கொத்தனாருக்கு அதைக் கையாளத் தெரியுமா? செலவிட்ட பணம் யாருக்கு, எப்போது திரும்பும்?

சிமெண்டும் கல்லும்

உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்ட் தொழிலால் உண்டாகிறது. அனல் மின் நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் இச்சுமையைக் குறைக்கிறது. கூடுதல் செலவும் வைப்பதில்லை. ஆனால் அது மெல்ல இறுகும் தன்மையுடையது. ஏழு நாள் நீராற்றுவதோடு நிறுத்தாமல், பத்து நாள்களேனும் தொடர வேண்டும். அவசரப்படுவோருக்கு அது ஏற்றதன்று.

சாம்பல் கல்லுக்கான மூலப்பொருள், பக்கத்திலுள்ள தூத்துக்குடி அனல் மின் நிலையத்திலேயே கிடைக்கிறது. குளத்து மண்ணும் விறகும் மிச்சமாகின்றன. கல் ஒரே அளவாக இருப்பதால் கலவையும் பூச்சும் குறைகின்றன. சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குதல் நலம்.

எம்.சாண்ட் பற்றி எச்சரிக்கை

ஆற்று மணலுக்கு மாற்று எம்.சாண்ட். ஆனால் கழுவிச் சலிக்காத குவாரித் தூசியையே அப்பெயரில் விற்போரும் உளர். தவிர, அதுவும் மலையை உடைத்தே வருகிறது. 2022 மே மாதம் நெல்லையை அடுத்த அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் மாண்டதை மறக்கலாகாது. ஆகவே பொருளை மாற்றினால் போதும் என்றிராமல், அளவையும் குறைக்க வேண்டும். யாரும் புழங்காத அறைகளைப் பெருமைக்காகக் கட்டாமல் விடுவதே செலவில்லாத பசுமை.

நீரும் வெயிலும்

2023 டிசம்பர் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய வெள்ளத்தை எந்த வீட்டுத் தொட்டியும் தாங்காது. ஆனால் ஆண்டுதோறும் பெய்யும் மழையைச் சேமிக்கலாம். தமிழகத்தில் 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். அடித்தளம் போடும்போதே குழியும் குழாயும் அமைத்தால் செலவு சிறிது. பின்னர் தரையை உடைத்துச் செய்தால் பெரிது. ஓடும் ஆற்றில் ஒளுச் செய்யும்போதும் விரயம் கூடாது என்று கற்றவர்கள் நாம். கட்டட வேலையில் குழாயைத் திறந்துவிட்டுப் போகலாமா? தூண்களில் ஈரச் சாக்கைச் சுற்றினாலே நீர்ச் செலவு குறைவதைக் காண்பீர்கள்.

மாடியில் வெள்ளை ஓடு பதித்தல், சன்னலுக்கு மேல் நிழல் தரும் சுவர் நீட்டல், காற்றோடும் முற்றம் ஆகியவை மின்கட்டணத்தைக் குறைக்கும். இதன் பலன் வீட்டுக்காரருக்கே. செலவோ ஒப்பந்தத் தொகையில் ஏறுகிறது. அதனால்தான் ஒப்பந்தக்காரர்கள் பேசாமல் இருந்துவிடுகின்றனர். மதிப்பீட்டில் இவற்றைத் தனி வரியாக எழுதிக் காட்டுங்கள். முடிவை வீட்டுக்காரர் எடுக்கட்டும்.

தொழில் செய்யும் சகோதரர்களே! ஒரே வேளையில் அனைத்தையும் மாற்ற முயலாதீர். அடுத்த கட்டடத்தில் ஒன்றை மட்டும் செய்து பாருங்கள். எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை கல், எத்தனை லாரி நீர், எத்தனை நாள் கூலி என்று குறித்து, முந்தைய கட்டடத்தோடு ஒப்பிடுங்கள். மிச்சம் கண்ட பின் இரண்டாவதைத் தொடங்குங்கள். வீடு கட்டும் பெரியோர்களும் தாய்மார்களும், முன்பணம் கொடுக்கும் முன்பே அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்.