கடிதம் பிரிக்கும் சிறு கருவிகள்

ஒரு தபால் எத்தனை கைகள் மாறிச் செல்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? திண்டுக்கல்லுக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் கன்னிவாடியில் ஒருவர் பெட்டியில் ஒரு கடிதத்தைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியைத் திறந்து எடுப்பது ஒரு வேலை. முத்திரை குத்துவது இன்னொன்று. ஊர்வாரியாகப் பிரிப்பது, பையில் கட்டுவது, வண்டியில் ஏற்றுவது, வீட்டுக்கு வீடு கொடுப்பது ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி வேலை. பிரிப்பவர் கடிதத்தைப் படிப்பதில்லை. உறையின்மேல் உள்ள ஆறு இலக்கங்களே அவருக்குப் போதும். 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த அஞ்சல் குறியீட்டு எண் இந்த வசதியைத் தந்தது. முதல் இலக்கம் 6 என்றால் தென்கோடி மாநிலங்கள். 624 என்று தொடங்கினால் திண்டுக்கல் வட்டாரம்.

இந்த ஏற்பாட்டின் சிறப்பு என்ன? ஒருவர் செய்யும் வேலையின் நுட்பம் அடுத்தவருக்குத் தெரிய வேண்டியதில்லை. கைமாறும் பொருளின் வடிவம் மட்டும் ஒரே ஒழுங்கில் இருந்தால் போதும்.

கணிப்பொறியில் வரும் மின்னஞ்சலையும் இவ்வாறே கையாளலாம். இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது எல்லா வேலையையும் தானே செய்யும் ஒரு பெரிய மென்பொருள். அதற்கு மாறாக, கொண்டுவர ஒன்று, பிரிக்க ஒன்று, படிக்க ஒன்று, தேட ஒன்று, அனுப்ப ஒன்று எனச் சின்னஞ்சிறு நிரல்களைத் தொடுத்து வேலை வாங்குவது மற்றொரு முறை. படமும் பொத்தானும் இல்லாத வெறும் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்து இவற்றை இயக்குகிறோம். இதற்குக் கட்டளை வரி என்று பெயர்.

நம் நாட்டில் தொடக்கம்

இந்தியாவில் மின்னஞ்சல் இப்படித்தான் பழக்கத்துக்கு வந்தது. 1986 இல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ‘எர்நெட்’ என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. அதில் தொடக்கத்திலேயே இடம்பெற்ற நிறுவனங்களுள் ஒன்று. ஒரு கணிப்பொறி மற்றொன்றைத் தொலைபேசியில் அழைக்கும்; சேர்த்து வைத்திருந்த கடிதங்களைக் கொடுத்துவிட்டு, தனக்குரியவற்றை வாங்கிக்கொள்ளும்; பிறகு தொடர்பைத் துண்டித்துவிடும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. முதலில் வசதி பெற்ற நகரங்களுள் சென்னையும் ஒன்று. மாணவர்களுக்கென்று குறைந்த கட்டணக் கணக்கு ஒன்று இருந்தது. அதில் படம் வராது. எழுத்து மட்டுமே வரும். ‘பைன்’ போன்ற நிரல்களைக் கட்டளை வரியில் இயக்கியே அவர்கள் கடிதம் படித்தார்கள்.

எழுத்து மட்டும் என்பது அன்று எவ்வளவு பெரிய சிக்கனம் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 9600 பிட் அனுப்பும் இணைப்பில், ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவுக் குறிகளையும் சேர்த்து 10 பிட் செலவாகும். ஆக நொடிக்கு 960 பைட். 2000 பைட் கொண்ட ஒரு பக்கக் கடிதம் இரண்டே நொடிகளில் வந்துவிடும். 10 லட்சம் பைட் கொண்ட ஒரு படம் வர 17 நிமிடங்களுக்கு மேல் ஆகும்! அவ்வளவு நேரமும் தொலைபேசிக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும்.

கடிதத்தின் உடற்கூறு

மின்னஞ்சலுக்கும் உறையும் உள்ளடக்கமும் உண்டு. முதலில் தலைப்பு வரிகள்: யாரிடமிருந்து, யாருக்கு, நாள், பொருள். அடுத்து ஒரு வெற்று வரி. அதன்பின் கடிதம். அந்த ஒரே ஒரு வெற்று வரிதான் உறைக்கும் உள்ளடக்கத்துக்கும் எல்லை. இவ்வளவு எளிய வடிவம் என்பதால்தான் மிகச் சிறிய நிரல்கூட இதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் 1970களின் இறுதியில் உருவான ‘எம்.எச்.’ என்னும் தொகுப்பு இந்த எண்ணத்தை அதன் எல்லை வரை கொண்டுசென்றது. அதில் ஒவ்வொரு கடிதமும் ஒரு தனிக் கோப்பு. கோப்பின் பெயர் ஓர் எண். பட்டியலிட ஒரு கட்டளை, காட்ட ஒன்று, வேறு அடுக்கில் வைக்க ஒன்று, மறுமொழி எழுத ஒன்று. அழிக்கும் கட்டளைகூடக் கடிதத்தை உடனே அழிப்பதில்லை. கோப்பின் பெயருக்கு முன் ஒரு காற்புள்ளியை இட்டு ஒதுக்கிவைக்கிறது. மனம் மாறினால் மீட்டுக்கொள்ளலாம். இத்தொகுப்பின் வழித்தோன்றல் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

குழாய் என்னும் இணைப்பு

சிறு நிரல்களை எவ்வாறு தொடுப்பது? தோட்டத்துக் குழாய்த் துண்டுகளைத் தேவைக்கேற்பத் திருகி இணைப்பதுபோல நிரல்களையும் இணைக்க வேண்டும் என்று 1964 இல் டக் மெக்கில்ராய் எழுதினார். பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயக்க முறைமையில் கென் தாம்சன் 1973 இல் அதைச் செயலாக்கினார். ஒரு நிரல் வெளியிடுவது அடுத்த நிரலுக்குள் பாய்கிறது. இடையில் இடும் நெட்டுக்கோடுதான் ( | ) குழாயின் அடையாளம்.

ஓர் எடுத்துக்காட்டு. கன்னிவாடியில் ஓர் உழவர் குழு. அதற்கு ஓராண்டில் சில ஆயிரம் கடிதங்கள் வந்துள்ளன என்று கொள்வோம். ஒட்டன்சத்திரம் சந்தை விலை, மழை முன்னறிவிப்பு, வங்கிச் செய்தி, விளம்பரம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. யார் அதிகமாக எழுதுகிறார்கள் என்று அறிய வேண்டும். இதற்கென ஒரு நிரலை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனாலும் நான்கு சிறு நிரல்கள் போதும்.

முதலில் ‘கிரெப்’: அனுப்புநர் பெயர் உள்ள வரிகளை மட்டும் பொறுக்கி எடுக்கிறது. அடுத்து ‘சார்ட்’: அவற்றை அகரவரிசையில் அடுக்குகிறது. மூன்றாவது ‘யூனிக்’: அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கி, எத்தனை முறை வந்தது என்ற எண்ணை எழுதுகிறது. கடைசியில் மறுபடியும் ‘சார்ட்’: இம்முறை எண்ணை வைத்துப் பெரியது முதலாக அடுக்குகிறது.

நடுவில் அகரவரிசை எதற்கு? ‘யூனிக்’ தன் முன்னால் வரும் வரியை, அதற்கு முந்தைய வரியோடு மட்டுமே ஒப்பிடும். ஒரே பெயர் சிதறிக் கிடந்தால் அதற்குத் தெரியாது. அடுக்கிக் கொடுத்தால் ஒரே பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும், எண்ணுவது எளிதாகிவிடும். ஒரு கருவியின் குறையை மற்றொன்று நிரப்புகிறது என்பது இதுதான்.

பிரிப்பவரின் பொறுப்பு

வரும் கடிதங்களைத் தாமாகவே அடுக்குகளில் போடும் ‘ப்ரோக்மெயில்’ போன்ற நிரல்களும் உண்டு. பொருள் வரியில் இந்தச் சொல் இருந்தால் இந்த அடுக்கில் போடு என்று விதி எழுதிவைத்தால் போதும். ஆனால் இங்கேதான் கவனம் தேவை.

விளம்பரத் தொல்லை தாங்காமல், ‘இலவசம்’ என்ற சொல் இருந்தால் குப்பையில் போடு என்று ஒருவர் விதி எழுதுகிறார். ‘இலவசமாகப் பெறுங்கள்’ என்ற விளம்பரம் அதில் சிக்காமல் தப்பிவிடுகிறது. ஏனெனில் மகர மெய்யும் ‘மா’ என்ற எழுத்தும் வேறு வேறு. உடனே அவர் விதியை ‘இலவச’ என்று சுருக்குகிறார். விளம்பரம் ஒழிந்தது. கூடவே வேளாண்மைத் துறையிலிருந்து வரக்கூடிய ‘இலவச மண் பரிசோதனை முகாம்’ என்ற அறிவிப்பும் ஒழிந்தது! முகாம் நாள் கடந்துபோகும். கடிதம் வந்ததே யாருக்கும் தெரியாது. கருவி பிழை செய்யவில்லை; சொன்னதைச் செய்தது.

எனவே மூன்று முறைகளைப் பின்பற்றுவது நல்லது. தெரிந்தவர்களின் கடிதங்களைப் பிரிக்கும் விதிகளை முதலில் வைக்க வேண்டும். விதிகள் மேலிருந்து கீழாகவே பார்க்கப்படுகின்றன. எதையும் அழிக்காமல் தனி அடுக்கில் ஒதுக்கி, வாரம் ஒருமுறை கண்ணோட்டம் விட வேண்டும். எந்தக் கடிதம் எங்கே போயிற்று என்னும் குறிப்பேட்டை நிரலே எழுதும்படி ஏற்பாடு செய்ய வேண்டும்.

மின்வெட்டு வந்தால்?

கடிதத்தை வட்டில் எழுதும்போது பாதியில் மின்சாரம் நின்றுவிட்டால் என்ன ஆகும்? பழைய முறையில் எல்லாக் கடிதங்களும் ஒரே நீண்ட கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும். பாதி எழுதிய கடிதம் அடுத்ததோடு ஒட்டிக்கொள்ளக்கூடும்.

‘மெயில்டிர்’ என்னும் முறை இதற்கு எளிய வழி கண்டது. மூன்று அறைகள். முதல் அறையில் கடிதம் எழுதப்படுகிறது. முழுவதும் எழுதி முடித்த பிறகே அது ‘புதியவை’ என்னும் அறைக்கு மாற்றப்படுகிறது. படிக்கும் நிரல் பார்த்ததும் மூன்றாம் அறைக்குப் போகிறது. மாற்றுவது என்பது பெயரை மட்டும் மாற்றுவது; அது நடந்தால் முழுமையாக நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது. ஆகவே படிக்கும் நிரலின் கண்ணில் அரைக்கடிதம் படுவதே இல்லை.

தமிழுக்கு ஒரு தனிச் சிக்கல்

மின்னஞ்சலின் அடிப்படை விதிகள் 1982 இல் வகுக்கப்பட்டபோது ஆங்கில எழுத்துகளையே மனத்தில் கொண்டன. பிறகு தமிழ் யூனிகோடில் இடம்பெற்றது. ஆனால் பழைய வழிகளில் சேதமின்றிச் செல்வதற்காகத் தமிழ் எழுத்துகளை 64 குறிகளைக் கொண்ட ஒரு மறைவடிவில் மாற்றி அனுப்பும் வழக்கம் இன்னும் நிலவுகிறது. ‘அஞ்சல்’ என்ற சொல்லைப் பாருங்கள். அ, ஞ, புள்ளி, ச, ல, புள்ளி என ஆறு குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 18 பைட். மறைவடிவில் மூன்று பைட்டுக்கு நான்கு குறி என்பதால் அது 24 குறிகளாகிறது. சொல்லுக்கு முன்னால் ஓர் இடைவெளி கூடுதலாக வந்தாலே குறிகளின் வரிசை மாறிவிடும்.

ஆகவே ‘கிரெப்’ கருவியிடம் தமிழ்ச் சொல்லைக் கொடுத்துத் தேடச் சொன்னால், இருக்கும் கடிதத்தையே இல்லை என்று சொல்லும். தீர்வு என்ன? தேடும் கருவியைத் திருத்த வேண்டியதில்லை. மறைவடிவைத் தமிழாக்கும் சிறு நிரல் ஒன்றைக் குழாயில் அதற்கு முன்னால் பொருத்தினால் முடிந்தது.

நன்மையும் தொல்லையும்

இம்முறையில் கடிதங்கள் நம் வட்டிலேயே சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருக்கின்றன. எந்த நிறுவனம் மூடினாலும், எந்த மென்பொருள் வழக்கொழிந்தாலும் அவற்றைத் திறந்து படிக்கலாம். பழைய, மெதுவான கணிப்பொறியும் போதும். இணைப்பு இல்லாதபோதும் தேடலாம், மறுமொழி எழுதி வைக்கலாம்.

தொல்லையும் உண்டு. ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே கற்று அமைக்க வேண்டும். பாதுகாப்பு முறைகளும் மாறிவருகின்றன. 2022 இல் கூகுள் நிறுவனம், தனி நபர் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு வெளி நிரல்கள் நுழைவதை நிறுத்தியது. அதன்பின் அக்கணக்குகளுக்கு நிரலுக்கெனத் தனிக் கடவுச்சொல்லோ, அனுமதிச் சீட்டு வாங்கித் தரும் மற்றொரு சிறு நிரலோ தேவைப்படுகிறது.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் லினக்ஸ் இருந்தால் இதைச் சோதிக்கக் கடிதம்கூடத் தேவையில்லை. ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக இருபது ஊர்ப் பெயர்களை எழுதுங்கள். சில பெயர்கள் சிதறலாகத் திரும்பத் திரும்ப வரட்டும். முதலில் ‘யூனிக்’ கருவியை எண்ணும் விருப்பத்தோடு தனியாக ஏவிப் பாருங்கள். பிறகு அதற்கு முன்னால் ‘சார்ட்’ கருவியைக் குழாயால் இணைத்து ஏவுங்கள். இரண்டு விடைகளும் ஏன் வேறுபடுகின்றன என்பதை நண்பருக்கு விளக்க முடிந்தால், இந்த முறையின் அடிப்படை உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது என்று கொள்ளலாம்.