ஜொலிப்பு யார் கொடுத்தது?

திருச்சிக்கும் வைரத்துக்கும் இரண்டு விதமான உறவு. ஸ்ரீரங்கம் கோயிலில் தெய்வத்தின் கண்ணாக இருந்த வைரத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் களவாடிப் போனான், ரஷ்யப் பேரரசி கேத்தரினின் கைக்குப் போய்ச் சேர்ந்த ஓர்லவ் வைரம் அதுதான் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கதை. கதைக்குச் சான்று கிடையாது. கல் மட்டும் நிஜம்: ஏறத்தாழ 190 காரட், செங்கோலில் பதித்தபடி மாஸ்கோ கிரெம்ளினில் இருக்கிறது.

இன்னொரு உறவு காவிரியின் தென்கரையில். திருச்சியிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் குடிசைத் தொழிலாகப் பட்டை தீட்டப்பட்ட செயற்கை வைரம்.

முன்னது இயற்கை, பின்னது செயற்கை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் செயற்கை என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன.

கடைகளில் ‘அமெரிக்கன் டைமண்ட்’ என்று விற்கப்படும் கல்லை எடுத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் கியூபிக் சிர்கோனியா, அதாவது சிர்கோனியம் ஆக்சைடு. பெயரில்தான் அமெரிக்கா. அதைப் பெரிய அளவில் வளர்க்கும் முறையை 1970-களில் உருவாக்கியவர்கள் சோவியத் நாட்டின் லெபடேவ் இயற்பியல் நிறுவனத்தார். இந்தப் பொருள் உருக 2,700 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்கும் பாத்திரத்துக்கு எங்கே போவது? குளிர்ந்த நீர் ஓடும் செப்புக் குழாய்களை வட்டமாக நிறுத்தி, நடுவில் பொடியைக் கொட்டி, ரேடியோ அலைகளால் சூடேற்றினார்கள். நடுப்பகுதி உருகியது, குழாயை ஒட்டிய விளிம்பு உருகாமல் ஓடாக நின்றது. பொருளே தனக்குப் பாத்திரமாகிவிட்டது!

இந்தக் கல்லில் கார்பன் துளியும் இல்லை. ஒரே அளவுள்ள இரண்டு கற்களை எடைபோட்டால், சிர்கோனியா வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனக்கும். வாயால் ஊதிப் பாருங்கள். வைரத்தின் மேல் படிந்த ஆவி உடனே மறையும், சிர்கோனியாவில் சற்றுத் தங்கும். வைரம் செம்பைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்துவதே காரணம். ஒரு விஷயத்தில் மட்டும் சாயல் அசலை மிஞ்சுகிறது: ஒளியை வானவில் நிறங்களாகப் பிரிப்பதில் சிர்கோனியாதான் கெட்டிக்காரக் கல்.

செயற்கை மாணிக்கத்தின் விஷயம் வேறு. 1902-இல் பிரான்சின் அகஸ்ட் வெர்னாய், அலுமினியம் ஆக்சைடு பொடியோடு சிறிது குரோமியம் சேர்த்து, தீச்சுவாலை வழியே துளித்துளியாக இறக்கி மாணிக்கத்தை வளர்த்துக் காட்டினார். பர்மா மாணிக்கமும் அதே அலுமினியம் ஆக்சைடுதான், அதே கடினம்தான். உருப்பெருக்கியில் பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும்: மண்ணில் விளைந்த கல்லின் வளர்ச்சிக் கோடுகள் நேராக இருக்கும், சுவாலையில் வளர்ந்ததில் வளைந்திருக்கும்.

அதே பொருளைச் செயற்கையாக வளர்ப்பது வைரத்திலும் வாய்த்தது. 1954-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் கார்பனிலிருந்தே வைரம் செய்தார்கள். இன்று மீத்தேன் வாயுவிலிருந்தும் வளர்க்கிறார்கள். இதை ஆராயச் சென்னை ஐ.ஐ.டி.க்கு 2023-இல் மத்திய அரசு நிதி ஒதுக்கியது. இந்த வைரத்திடம் ஊதிப் பார்க்கும் சோதனை பலிக்காது. இமயத்தில் உறைந்தாலும் ஃபிரிட்ஜில் உறைந்தாலும் ஐஸ் ஐஸ்தானே?

ஆகவே நகைக்கடையில் “ஒரிஜினலா, செயற்கையா?” என்று கேட்பது அரைக் கேள்வி. கல் என்ன பொருள், அது எங்கே விளைந்தது என்று இரண்டாகப் பிரித்துக் கேட்க வேண்டும். ஆய்வக வைரத்துக்கு முதல் பதில் வைரம், இரண்டாவது ஆய்வகம். சிர்கோனியாவோ முதல் கேள்வியிலேயே விலகிவிடும்.

மூன்றாவது கேள்வியும் ஒன்று உண்டு: ஜொலிப்பு யார் கொடுத்தது? சுரங்கத்திலிருந்து வரும் வைரம் பெரும்பாலும் மங்கிய கூழாங்கல் போலத்தான் இருக்கும். மேலே நுழையும் ஒளி அடியில் கசியாமல் திரும்பி வர, எல்லாப் பட்டைகளையும் உரிய கோணத்தில் தீட்ட வேண்டும். சிர்கோனியா ஒளியை வளைக்கும் அளவு வேறு என்பதால் அதற்கேற்ற கோணமும் சற்று மாறும். திருச்சித் தொழிலாளர்கள் சாணையில் கல்லைப் பிடித்து இதைத்தான் செய்தார்கள். வெளிநாட்டிலிருந்து மலிவாக வந்து குவிந்த இயந்திரக் கற்கள் பிறகு அந்தப் பிழைப்பைச் சுருக்கிவிட்டன. பொருளில் வைரமும் சிர்கோனியாவும் வேறு வேறு. ஜொலிப்பைப் பொறுத்தவரை இயற்கை வைரமும் பாதிக்கு மேல் செயற்கைதான்.