அடுப்பில்லா இனிப்பின் அந்தரங்கம்

மூன்று வாரம் நச்சரித்துக் கிடைத்த அனுமதி இது. கீழ் வீட்டுப் பாட்டி, சனிக்கிழமை சாயங்காலம் தான் திராமிசு செய்யும்போது என்னை அடுக்களைக்குள் விடச் சம்மதித்துவிட்டார்! மகள் வேலை பார்க்கும் ட்ரெவிஸோ ஊரில்தான் இந்தக் கூத்து. வெனிஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். ஊருக்கு நடுவே வாய்க்கால் ஓடுகிறது, வாய்க்கால் நடுவே குட்டித் தீவில் மீன் சந்தை நடக்கிறது. உலகம் முழுக்க மெனு கார்டின் கடைசிப் பக்கத்தில் 'டிராமிசு' என்று உட்கார்ந்திருக்கிறதே, அதன் பிறந்த வீடு தங்கள் ஊர்தான் என்று இங்கே சத்தியம் செய்கிறார்கள்.

"ம்மா, உள்ள போய் எதையும் தொடாத. கேள்விய ஒண்ணொண்ணா கேளு. நான்தான் மொழிபெயர்க்கணும்." படி இறங்கும்போதே மகள் கண்டிஷன் போட்டாள்.

உள்ளே போனதும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பெரிய மிஷின்களை எதிர்பார்த்துப் போனால், மேஜை மேல் முட்டை, சர்க்கரை, மஸ்கார்போனே டப்பா, ஒரு பிஸ்கட் பாக்கெட், கோக்கோ டின். அவ்வளவுதான்! ஓவன் இருந்தது. அதற்குள் பாட்டி வாணலிகளை அடுக்கி வைத்திருந்தார், நம் வீட்டில் போலவே.

அடுப்புக்கு இங்கே ஒரே வேலை, காபி. மோக்கா என்கிற எட்டுப் பட்டை அலுமினியக் குடுவை ஏறியது. 1933-இல் அல்ஃபோன்ஸோ பியாலெத்தியின் பட்டறையிலிருந்து வந்த சாமான். கீழ் அறையில் தண்ணீர், நடுவில் காபித்தூள். தண்ணீர் சூடேற ஏற, உள்ளே அழுத்தம் கூடி, தூளைத் துளைத்துக்கொண்டு மேல் அறைக்கு ஏறி வருகிறது. நம் ஃபில்டரில் டிகாஷன் மேலிருந்து கீழே சொட்டும். இதில் கீழிருந்து மேலே ஏறுகிறது! 'திரா மி சு' என்றால் 'என்னைத் தூக்கி விடு' என்று பொருளாம். காபியே தூக்கிவிடப்பட்டுத்தான் வருகிறது பாருங்கள்.

இறக்கிய காபியை அகலமான தட்டில் ஊற்றி ஜன்னலோரம் ஆற வைத்தார். சர்க்கரை இல்லை, பால் இல்லை. ரம் ஊற்ற மாட்டாரா? மர்சாலா ஒயின் ஊற்றுவார்கள் என்று படித்தேனே? மகள் கேட்டுச் சொன்னாள்: "அது காபி நல்லா இல்லாதவங்க ஊத்துறதாம்."

அடுத்தது முட்டை. ஓட்டின் மேல் சிவப்பாக ஒரு முத்திரை. முதல் எண் 0, பக்கத்தில் ஐ.டி. என்று நாட்டுக் குறி. ஐரோப்பாவில் கோழி எப்படி வளர்ந்தது என்பதை அந்த முதல் எண் சொல்லிவிடும். 0 இயற்கை முறை, 1 வெளியே மேய்ந்தது, 2 கொட்டகைக்குள் உலவியது, 3 கூண்டில் கிடந்தது. இவர் 0 தவிர வேறு வாங்குவதில்லை. பச்சையாகப் போகிற முட்டை, ஜாதகம் பார்க்காமல் எப்படி?

ஆறு மஞ்சள் கரு, 120 கிராம் சர்க்கரை. அடித்தார், அடித்தார், அப்படி அடித்தார். ஆரஞ்சு நிறத்தில் இருந்தது வெளுத்துக்கொண்டே வந்து, எலுமிச்சைத் தோல் நிறத்தைத் தாண்டி, சந்தன நிறத்துக்கு வந்து நின்றது. கரண்டியைத் தூக்கினால் நாடா மாதிரி வழிந்து, விழுந்த தடம் சற்று நேரம் அப்படியே நின்றது. இந்தக் கட்டத்துக்கே ட்ரெவிஸோ இருக்கும் வேனெத்தோ மாநிலத்தில் தனிப் பெயர் உண்டு: ஸ்பாத்துதீன். குழந்தைகளுக்கும் உடம்பு தளர்ந்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் தெம்புக்காகக் கொடுப்பார்களாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! வயதுக்கு வந்தபோது எங்கள் ஆச்சி நல்லெண்ணெயும் பச்சை முட்டையுமாக வாயில் ஊற்றியது நினைவுக்கு வந்துவிட்டது. அவர்கள் சர்க்கரை போட்டிருக்கிறார்கள், ஆச்சி போடவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

திராமிசுவின் பிறப்புக் கதையும் அந்தத் தெம்புக் கிண்ணத்தில்தான் தொடங்குகிறது. இந்த ஊர் லே பெக்கெரியே உணவகம், அப்போதைய உரிமையாளர் ஆதோ காம்பேயோல், அவர் மனைவி ஆல்பா. பிள்ளை பெற்றுப் படுத்திருந்த ஆல்பாவுக்கு மாமியார் இப்படியொரு கிண்ணம் கொடுத்ததுதான் வித்து என்பார்கள். சமையல்காரர் ரொபெர்த்தோ லிங்குவனோத்தோ வேறு கதை சொன்னார். வெனிலா ஐஸ்க்ரீமுக்காக முட்டையும் சர்க்கரையும் கலந்து வைத்த பாத்திரத்தில் கொஞ்சம் மஸ்கார்போனே தவறி விழுந்துவிட்டது, நக்கிப் பார்த்தால் அமிர்தம்! பிறகு ஆல்பாவும் அவரும் சேர்ந்து பிஸ்கட், காபி, கோக்கோ என்று மெருகேற்றினார்கள். 1972-இல் மெனுவில் ஏறியது. காப்புரிமை என்று யாரும் வாங்கி வைக்கவில்லை. பிறந்தது விடுதியில், அதுவும் ஒருமாதிரியான விடுதியில் என்று ஊருக்குள் இன்னொரு கதையும் உலவுகிறது. ஆதாரம் கிடையாது. அதைக் கேட்கச் சொன்னபோது மகள் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

ஆனால் ஃப்ரியூலி பற்றிக் கேட்கச் சொன்னதைக் கேட்டுவிட்டாள், அதுதான் தப்பு. பக்கத்து மாநிலமான ஃப்ரியூலி வெனேஸியா ஜூலியாவும் திராமிசு தன்னுடையது என்கிறது. தோல்மெஸ்ஸோ ஊர் ஹோட்டலில் 1950-களிலேயே செய்தார்கள் என்பது அவர்கள் வாதம். 2017-இல் இத்தாலிய வேளாண் அமைச்சகம் தன் பாரம்பரிய உணவுப் பட்டியலில் அதை ஃப்ரியூலியின் கணக்கில் எழுதிவிட, வேனெத்தோவின் அப்போதைய தலைவர் லூக்கா ஸாயா கொதித்துப் போனார். பாட்டியும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு நிமிடம் வேகமாகப் பேசினார். "என்ன சொன்னாங்க?" என்றேன். "இல்லன்னு சொன்னாங்க" என்றாள் மகள்.

கரண்டி மறுபடி கைக்கு வந்ததும் மஸ்கார்போனே. லொம்பார்தியா பக்கத்துச் சரக்கு. பாலைத் திரித்துப் பன்னீர் எடுக்கிறோமே, அதே வித்தை, பாலுக்குப் பதில் க்ரீம். சூடாக்கி, துளி சிட்ரிக் அமிலம் சேர்த்து, துணியில் வடிய விட்டால் வெண்ணெய்க்கும் தயிருக்கும் நடுவே ஒரு பதம். அரை கிலோவை மூன்று தவணையாக, கீழிருந்து மேலாக மடித்து மடித்துக் கலந்தார். முட்டையை அப்படி அடித்தவர் இதை அடிக்கவே இல்லை. அதிகம் அடித்தால் கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தண்ணீர் பிரிந்து, குருணை குருணையாகிவிடும். நமக்கு வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தால் சோகம். இவர்களுக்கு வெண்ணெய் திரண்டாலே சோகம்.

இப்போது வருகிறது பிஸ்கட் கட்டம்! மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சவோயார்டி என்பது விரல் நீளத்தில், மேலே சர்க்கரை படிந்த, காற்றைத் தூக்கினாற்போல் எடையே இல்லாத பிஸ்கட். நுரைத்த முட்டையில் செய்து உலர்த்தியதால் உள்ளே முழுக்கக் காற்றறைகள். காபியைக் கண்டால் விடாது. பாட்டி அதை ஆறிய காபியில் படுக்க வைத்தார், புரட்டினார், எடுத்தார். ஒரு விநாடிகூட இருக்காது. நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு, நனைத்த ஒன்றை உடைத்துக் காட்டினார். ஓரம் காபி நிறம், நடுவே வெள்ளையாக ஒரு கோடு, தொட்டால் மொறுமொறு. அந்த வெள்ளைக் கோடுதான் கணக்காம். ராத்திரி முழுக்க அது சுற்றியுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். இப்போதே குடித்துவிட்டால் விடிவதற்குள் கூழ்.

ஒரு வரிசை பிஸ்கட், மேலே க்ரீம், அடுத்த வரிசை குறுக்காக, மறுபடி க்ரீம். கண்ணாடித் தட்டின் பக்கவாட்டில் பார்த்தால் கரைவேட்டி மடித்து வைத்த மாதிரி. கோக்கோ எங்கே என்றேன். நாளைக்கு! முன்னாடியே தூவினால் ஈரம் குடித்துச் சேறாகிவிடுமாம். தட்டை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, கதவைச் சாத்தி, கதவில் ஒரு தட்டும் தட்டினார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மேல் மாடியில் படுத்துக்கொண்டு கீழ் வீட்டு ஃப்ரிட்ஜையே நினைத்துக்கொண்டிருந்தேன். சமையல் முழுக்க அந்தக் கதவுக்குப் பின்னால் அல்லவா நடக்கிறது! ஜெலட்டின் போடவில்லை, கடல்பாசி போடவில்லை. மஸ்கார்போனேயின் கொழுப்பு குளிரில் இறுகித் துண்டு போடும் பதத்துக்கு வருகிறது, பிஸ்கட் இளகி கேக்காகிறது. ஒன்று இறுகணும், ஒன்று இளகணும், இரண்டும் ஒரே ராத்திரியில். விளக்குகூட இல்லாத அந்த இருட்டில் பார்க்க ஆளில்லை.

ஞாயிறு மதியம் சல்லடையில் கோக்கோ தூவினார். நான் குனிந்து வாசம் பிடித்தேன். பிடித்திருக்கக் கூடாது! மூக்கில் ஏறி இருமி, பாட்டியின் மூக்குக் கண்ணாடி வரை கோக்கோ. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே முதல் துண்டை எனக்கு வைத்தார். முதலில் கோக்கோவின் கசப்பு, அது போவதற்குள் குளிர்ந்த க்ரீம், கடைசியில் காபி. அந்த வெள்ளைக் கோட்டைத் தேடினேன். காணோம்.

அடுத்த வாரம் நானே செய்தேன். பழக்கதோஷம், டீயில் ரஸ்க் தோய்ப்பது மாதிரி சவோயார்டியை ஊற விட்டேன். மூன்றாவது பிஸ்கட் கையிலேயே பாதியாக உடைந்து தட்டில் மிதந்தது. மறுநாள் அடியில் காபிக் குட்டை. மகள் ஸ்பூனால் சாப்பிட்டுவிட்டு, "பாயசம் நல்லா இருக்கும்மா" என்றாள். பாட்டிக்குக் கொடுத்தனுப்பவில்லை.

நீங்கள் செய்யப் போகிறீர்களா? பாட்டியுடையது வீட்டு அளவு. லே பெக்கெரியேயின் மூல அளவு 12 மஞ்சள் கரு, அரை கிலோ சர்க்கரை, ஒரு கிலோ மஸ்கார்போனே, 60 சவோயார்டி. கல்யாண வீட்டுக்குத்தான் சரி. மஸ்கார்போனே கிடைக்காவிட்டால் கொழுப்பு அதிகமுள்ள க்ரீம் வாங்கி வீட்டிலேயே எடுக்கலாம். குழந்தைகளோ கர்ப்பிணிகளோ வயதானவர்களோ சாப்பிடுவதாக இருந்தால் பச்சை முட்டை வேண்டாம். கருவையும் சர்க்கரையையும் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, கைவிடாமல் அடித்துக்கொண்டே 71 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஆறிய பிறகு கலக்குங்கள். சனிக்கிழமை செய்யுங்கள், ஞாயிறு மதியம் வரை ஃப்ரிட்ஜைத் திறக்காதீர்கள், மறுநாளுக்குள் தட்டைக் காலி செய்துவிடுங்கள். கோக்கோ தூவும்போது மட்டும் மூக்கைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம்.