ஜெர்மனிக்குப் படிக்கப் போகலாமா?



'ஜிம்னாசியம்' என்று சொன்னதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? இரும்புக் குண்டு தூக்கி உடற்பயிற்சி செய்யும் அண்ணன்கள்தானே? ஆனால், ஜெர்மனியில் ஜிம்னாசியம் என்றால் பள்ளிக்கூடம்! அங்கே பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிகிறார்கள். பல்கலைக்கழகம் வரை போக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் சேருவது ஜிம்னாசியத்தில்தான். அதன் முடிவில் எழுதும் தேர்வுக்கு 'அபிட்டூர்' என்று பெயர். நம் பிளஸ் டூ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேடிக்கை. 'ஹோக்ஷூலே' என்ற சொல்லுக்கு எழுத்துக்கு எழுத்து 'உயர்பள்ளி' என்று பொருள். ஆனால், அது நம் உயர்நிலைப் பள்ளி அல்ல. பல்கலைக்கழகங்களையும் உயர்கல்லூரிகளையும் சேர்த்துக் குறிக்கும் சொல் அது!

சரி, இதெல்லாம் இப்போது எதற்கு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. 2022-23 குளிர்காலப் பருவத்தில், ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள் சீனர்களை முந்தி முதலிடத்துக்கு வந்துவிட்டார்கள். உங்கள் வீட்டு அக்காவோ, பக்கத்து வீட்டு அண்ணனோ இது பற்றிப் பேசியிருக்கலாம். நாளைக்கு நீங்களும் யோசிக்கலாம். அதற்கு முன்னால் உண்மை எது, பாதி உண்மை எது என்று தெரிந்துகொள்வோமா?

ஃபீஸே கிடையாதாமே!

இது பாதி உண்மை. ஜெர்மனியில் 16 மாநிலங்கள் உள்ளன. கல்வி மாநில அரசுகளின் பொறுப்பு. அரசுப் பல்கலைக்கழகங்களில் வாங்கிவந்த கட்டணத்தை ஒவ்வொரு மாநிலமாகக் கைவிட்டன. கடைசியாக 2014-ல் லோயர் சாக்சனி மாநிலமும் கைவிட்டது. அந்தச் செலவை ஏற்பவர்கள் அந்நாட்டு மக்கள். அவர்கள் கட்டும் வரிப்பணம்தான் பல்கலைக்கழகங்களை நடத்துகிறது.

ஆனால், பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017-லிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் மாணவர்களிடம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. 1386-ல் தொடங்கிய, ஜெர்மனியின் மிகப் பழைய பல்கலைக்கழகமான ஹைடல்பர்க் இருப்பது இந்த மாநிலத்தில்தான். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-லிருந்து இப்படிப்பட்ட மாணவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியது. தனியார் கல்லூரிகளில் கட்டணம் எப்போதும் உண்டு.

சாப்பாடு, தங்குமிடம்? அதற்கும் பணம் வேண்டுமே! ஒரு வருடச் செலவுக்கான பணம் தன்னிடம் இருக்கிறது என்று விசா கேட்கும்போதே காட்ட வேண்டும். உதவித்தொகை கிடைக்காத மாணவர்கள் பெரும்பாலும் இந்தப் பணத்தை 'ஸ்பெர்கோன்டோ' என்ற கணக்கில் போடுகிறார்கள். 'பூட்டிய கணக்கு' என்று சொல்லலாம். பணம் மாணவருடையதுதான், ஆனால், மாதம் இவ்வளவு என்றுதான் எடுக்க முடியும். 2024 செப்டம்பரில் இந்தத் தொகையை மாதம் 992 யூரோ என்று வைத்தார்கள். பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். 11,904 யூரோ வருகிறதா? நம் பணத்தில் பத்து லட்சம் ரூபாய்க்கும் மேல்! 'ஃபீஸ் இல்லை' என்பதும் 'செலவு இல்லை' என்பதும் ஒன்றல்ல என்று புரிகிறதா?

நாக்கைச் சுழற்றும் ஒரு சொல்

மூச்சைப் பிடித்துக்கொண்டு இதைப் படியுங்கள்: ஹோக்-ஷூல்-ட்ஸூகாங்ஸ்-பெரெக்டிகுங்! பயப்படாதீர்கள். உயர்கல்விக்குள் நுழையும் தகுதி என்று பொருள். நாம் சொற்களைச் சேர்த்து எழுதுவது போல அவர்களும் சேர்த்துச் சேர்த்து எழுதுவார்கள்.

வெளிநாட்டு மாணவருக்கு முதல் கேள்வியே இந்தத் தகுதி இருக்கிறதா என்பதுதான். எந்த நாட்டுச் சான்றிதழ் எதற்குச் சமம் என்பதை 'அனபின்' என்ற தகவல் தொகுப்பில் பார்க்கிறார்கள். நம் பிளஸ் டூ சான்றிதழ் மட்டும் இருந்தால் நேரடியாக இடம் கிடைப்பதில்லை. இதைக் கேட்டு முகம் வாட வேண்டாம். வழிகள் இருக்கின்றன.

ஒன்று: ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தேறியவர்கள் பொறியியல் போன்ற துறைகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

இரண்டு: இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் நல்லபடியாகப் படித்துவிட்டு, அதே துறைக்கு அங்கே விண்ணப்பிக்கலாம்.

மூன்று: 'ஷ்டூடியன்கொலெக்' என்னும் ஆயத்தப் பள்ளியில் சேரலாம். வழக்கமாக இது ஒரு வருடப் படிப்பு. பொறியியலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு பிரிவு, மருத்துவம், உயிரியலுக்கு ஒரு பிரிவு, பொருளாதாரத்துக்கு ஒரு பிரிவு என்று தனித்தனியாக உண்டு. சேருவதற்கே நுழைவுத் தேர்வு. அதை எழுதும் அளவுக்கு ஜெர்மன் மொழியும் தெரிந்திருக்க வேண்டும். முடிவில் இன்னொரு தேர்வு. அதில் தேறினால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

ஒன்றுதான் முதல் மார்க்!

ஜெர்மனியில் 1.0 என்றால் மிக உயர்ந்த மதிப்பெண். 4.0 என்றால் 'பாஸ்'. 5.0 என்றால் 'பெயில்'. அப்படியானால், நூற்றுக்கு வாங்கும் நம் மதிப்பெண்ணை எப்படி மாற்றுவது? அதற்கு 'பவேரியச் சூத்திரம்' என்று ஒரு கணக்கு இருக்கிறது. பென்சிலை எடுங்கள்!

அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நீங்கள் வாங்கியதைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்திலிருந்து பாஸ் மதிப்பெண்ணைக் கழித்து வரும் எண்ணால் வகுங்கள். மூன்றால் பெருக்குங்கள். ஒன்றைக் கூட்டுங்கள். அவ்வளவுதான்.

ஒருவர் 87 சதவீதம் வாங்கியிருக்கிறார். பாஸ் மதிப்பெண் 35 என்று வைத்துக்கொள்வோம். 100-லிருந்து 87 போனால் 13. 100-லிருந்து 35 போனால் 65. 13-ஐ 65-ஆல் வகுத்தால் 0.2. மூன்றால் பெருக்கினால் 0.6. ஒன்றைக் கூட்டினால் 1.6! நல்ல மதிப்பெண்தான். 100 வாங்கினாலும், 35 வாங்கினாலும் விடை என்ன வரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

எந்த மொழியில் பாடம்?

முதுகலைப் படிப்பில் ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்புகள் நிறைய உண்டு. ஆனால், பள்ளி முடித்ததும் சேரும் இளங்கலைப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். மருத்துவமும் அப்படித்தான். 'டெஸ்ட்டாஃப்' போன்ற மொழித் தேர்வுகளில் தேற வேண்டும்.

மொழியறிவை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ1 என்றால் 'என் பெயர் இன்னது' என்று சொல்லத் தெரிந்த நிலை. பல்கலைக்கழகத்தில் பாடம் கேட்க சி1 அளவு வேண்டியிருக்கும். ஒரு கோடை விடுமுறையில் ஏறிவிடக்கூடிய ஏணி அல்ல இது! சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் பல காலமாக ஜெர்மன் கற்றுத் தருகிறது.

விண்ணப்பம் போகும் பாதை

குளிர்காலப் பருவம் அக்டோபர் 1-ல் தொடங்கும். பல படிப்புகளுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூலை 15. சில பல்கலைக்கழகங்கள் நேரடியாக விண்ணப்பம் வாங்குகின்றன. பல பல்கலைக்கழகங்கள் பெர்லினில் உள்ள 'யூனி அசிஸ்ட்' வழியாக வாங்குகின்றன. வெளிநாட்டுச் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதுதான் அதன் வேலை.

இந்திய மாணவர்களுக்கு இன்னொரு படி உண்டு. அதன் பெயர் 'ஏ.பி.எஸ்.' சான்றிதழ்கள் உண்மையானவையா என்று சோதிக்கும் அலுவலகம் அது. சீன மாணவர்களுக்கு 2001-லேயே இப்படி ஓர் அலுவலகம் வந்துவிட்டது. நமக்கு 2022 நவம்பர் 1 முதல் மாணவர் விசாவுக்கு இந்தச் சான்று கட்டாயமானது. சிலர் போலிச் சான்றிதழ் கொடுப்பதால், ஒழுங்காகப் படித்தவர்களும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது, பார்த்தீர்களா?

இங்கே ஒரு முக்கியமான விஷயம். நம் ஊரில் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடுகிறோம். பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுதாக இருக்கும். மதிப்பெண் பட்டியலில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும், 'இது நீங்கள்தானா?' என்ற கேள்வி வரும். எனவே, உங்கள் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பா அம்மாவுடன் உட்கார்ந்து பாருங்கள். தவறு இருந்தால் பத்தாம் வகுப்புக்கு முன்பே திருத்துவது எளிது.

ஏமாறாதீர்கள்!

'பணம் கட்டுங்கள், நிச்சயம் இடம் வாங்கித் தருகிறோம்' என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படி யார் சொன்னாலும் நம்பக் கூடாது. இடம் கொடுப்பது பல்கலைக்கழகம். விசா கொடுப்பது அரசாங்கம். நடுவில் இருப்பவர் இரண்டையும் உறுதியாகச் சொல்ல முடியாது. நிலத்தை விற்று, நகையை அடகு வைத்துப் பணம் கட்டுமுன், இந்தக் கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: அது அரசுக் கல்லூரியா, தனியாரா? பாடம் எந்த மொழியில்? மொத்தச் செலவு எவ்வளவு? பதிலைப் பல்கலைக்கழகத்திடமே கேட்டுச் சரிபார்க்கலாம். 1925-ல் தொடங்கிய 'டாட்' என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற நிறுவனமும் தகவல் தருகிறது. அதற்குக் கட்டணம் இல்லை. விதிகளும் தொகைகளும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் வருடத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும்.

வெளிநாடு போனால்தான் படிப்பு என்றும் எண்ண வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி. 1959-ல் அன்றைய மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் தொடங்கப்பட்டது. ஜெர்மனியே நம் வாசலுக்கு வந்து ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்த கதை அது!

எங்கே படித்தாலும் கணக்கும், அறிவியலும், ஒரு மொழியைப் பிழையின்றி எழுதும் பழக்கமும் கைகொடுக்கும். அதற்கு விசா வேண்டாம். இன்றைய வீட்டுப்பாடத்திலிருந்தே தொடங்கலாம். வாழ்த்துகள், செல்வங்களே!