உத்தரவும் உபாத்தியாயரும்

ஒரு ஜில்லாவில் ஆயிரம் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அத்தனையிலும் காலை பத்து மணிக்கு மூன்றாம் வகுப்புக் குழந்தை என்ன படிக்க வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறவர் யார்? புத்தகம் எழுதியவரா, உத்தரவு போட்டவரா, கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறவரா? எங்கள் கும்பகோணத்தில் காப்பி டிகாக்ஷனைப் பற்றி நடக்கிற விவாதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்த விஷயத்தைப் பற்றி நடப்பதில்லை. நம்மில் பலருடைய குழந்தைகள் சர்க்கார் பள்ளிகளில் படிப்பதில்லை என்பது அதற்குக் காரணமாயிருக்கலாம். ஆனால் ஏழை வீட்டுக் குழந்தை ஐந்தாம் வகுப்பை முடித்த பிறகு கடுதாசி ஒன்றை வாசிக்கத் தெரிந்தவனாக வெளியே வருகிறானா, இல்லையா என்பது இந்தக் கேள்வியின் விடையைப் பொறுத்ததாகவே இருக்கிறது.

கும்பகோணத்தில் கல்வி என்று பேச்செடுத்தால் கணித மேதை ராமானுஜன் பெயர் வந்துவிடும். டவுன் ஹைஸ்கூலில் படித்தவர். பின்னர் காவேரிக் கரையிலுள்ள சர்க்கார் காலேஜில் சேர்ந்து, கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனியாமல் உபகாரச் சம்பளத்தை இழந்தவர். மேதைகள் எப்படியோ தங்கள் வழியைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். என் கவலை, அவருக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்த, பெயர் தெரியாத பையனைப் பற்றியது.

நமது திண்ணைப் பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பான். 1789-ஆம் வருஷம் சென்னை எழும்பூரில், ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட விடுதியின் மேற்பார்வையை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் இந்த மணல் எழுத்தைக் கண்டார். விடுதியிலும் அப்படியே செய்யும்படி தம் உபாத்தியாயரிடம் சொன்னார். உபாத்தியாயர் இணங்கவில்லை. பெல் துரை எட்டு வயதுப் பையனான ஜான் பிரிஸ்கன் என்பவனை அழைத்துச் சிறுவர் வகுப்பையே அவனிடம் ஒப்படைத்தார். பையன் ஜெயித்துவிட்டான்! 1797-ல் லண்டனில் இதைப் பற்றிப் பெல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயருடன் அது இங்கிலாந்தில் பரவிற்று.

பரவியதில் நமக்குப் பெருமைதான். ஆனால் பரவிய பிறகு அது என்ன ஆயிற்று? ஒரே உபாத்தியாயர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் குறைந்த செலவில் சமாளிக்கும் உபாயமாகச் சுருங்கிவிட்டது. பெரிய பையன் சொன்னதைச் சின்னப் பையன்கள் திருப்பிச் சொன்னார்கள். அதற்கே படிப்பு என்று பெயர். எழும்பூரில் பெல்லின் கண் எதிரே உயிரோடு இருந்த ஒன்று, கப்பலேறிப் போனதும் யந்திரமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் மாகாணத்தில் வேறொரு யந்திரம் ஓடிற்று. இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒரு முறை வந்து பரீட்சை வைப்பார். தேறிய பிள்ளைகளின் கணக்குப்படி பள்ளிக்கு மானியம் கிடைக்கும். உபாத்தியாயரின் சோறு பிள்ளையின் நாக்கில் இருந்ததென்றால், அவர் நெட்டுருப் போடச் செய்ததில் ஆச்சரியம் என்ன?

இப்போது நம் காலத்துக்கு வருவோம். எம். பி. விஜயகுமார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வேலூர் ஜில்லாக் கலெக்டராயிருந்தபோதே, வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளின் படிப்பில் ஊக்கம் காட்டியவர். 2003-ல் அவர் சென்னை மாநகராட்சிக் கமிஷனராயிருந்தார். மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவாலியில், கிராமப் பள்ளிகளுக்கென்று அட்டைகளைக் கொண்டு கற்பிக்கும் முறை ஒன்று வெகு காலமாக நடந்து வந்தது. மாநகராட்சி உபாத்தியாயர்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள். திரும்பி வந்து, நம் பாடத்திட்டத்தைத் தாங்களே துண்டு துண்டாகப் பிரித்து, அட்டைகளைத் தாங்களே எழுதினார்கள். முதலில் 13 பள்ளிகளில் நடத்திப் பார்த்தார்கள். பிறகுதான் மாநகராட்சியின் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் அதை விஸ்தரித்தார்கள். இதற்குச் ‘செயல்வழிக் கற்றல்’ என்று பெயர்.

அந்த வகுப்பறையைப் பார்த்திராதவர்களுக்காகச் சற்று வர்ணிக்கிறேன். உபாத்தியாயருக்கு நாற்காலி இல்லை. குழந்தைகளோடு பாயில் உட்காருவார். சுவரின் அடியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், நீளக் கரும்பலகை. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. தலைக்கு மேலே கம்பிப் பந்தல். அன்றைக்குக் குழந்தை எழுதியதும் வரைந்ததும் அதில் தொங்கும். சுவரில் ஏணிப்படி போன்ற ஒரு படம். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று குழந்தையே பார்த்து, அந்தப் படிக்குரிய சின்னமுள்ள அட்டையை எடுத்து வந்து உரிய குழுவில் உட்காரும். சில குழுக்களில் உபாத்தியாயர் உதவுவார், சிலவற்றில் சிநேகிதன் உதவுவான், சிலவற்றில் தானே. பரீட்சையும் ஏணியில் ஒரு படியாக வந்து போய்விடும். குழந்தைக்குப் பயப்பட அவகாசமே கிடையாது.

காவேரிப் படுகைக்கு இதில் ஒரு தனி லாபம் உண்டு. நடவுக்கும் அறுப்புக்கும் தாய் தகப்பன் வயலுக்குப் போனால், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பெண் இரண்டு வாரம் பள்ளிக்கு வரமாட்டாள். பழைய வகுப்பில் அவள் திரும்பி வரும்போது பாடம் ஆறேழு பக்கம் ஓடிப்போயிருக்கும். அதைத் துரத்திப் பிடிப்பது ஆகாத காரியம். ஏணிப்படியிலோ அவள் விட்ட இடத்தில் அவளுக்காக அட்டை காத்திருக்கும். எதிரிகள் இந்த முறையைப் பற்றி எவ்வளவோ சொன்னார்கள். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் யாரும் பதில் சொன்னதாக நான் கேட்டதில்லை.

விஜயகுமார் பின்னர் மாநில அனைவருக்கும் கல்வித் திட்டத்தின் தலைமைக்கு வந்தார். 2007 முதல் இந்த முறை ராஜ்யம் முழுவதும், 37,000-க்கு மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவிற்று. அட்டைகள் அச்சாகிக் கட்டுக் கட்டாக வந்தன. 1986-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையை அனுசரித்து, ஜில்லாவுக்கு ஒன்றாக ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் ஏற்பட்டிருந்தன. தஞ்சை ஜில்லாவினுடையது கும்பகோணத்திலேயே அமைந்தது. அதன் கீழே வட்டாரத்துக்கு ஒரு வள மையம், சில பள்ளிகளுக்கு ஒரு குறுவள மையம். ஏற்பாட்டில் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் சென்னையில் அட்டையை எழுதியவர்களே அதை நடத்தினார்கள். இங்கே அட்டையை வாங்கிக்கொண்டவர்கள் நடத்தினார்கள். இந்தச் சிறு வித்தியாசத்தின் பலனை நான் சுற்றுவட்டாரத்தில் நேரில் கண்டிருக்கிறேன். இரண்டே உபாத்தியாயர்கள் உள்ள ஒரு பள்ளியில், தலைமையாசிரியை அட்டைகளோடு ஊர்க் குழந்தைகள் அறிந்த நாற்றும் கதிரும் மடைவாயும் கலந்து பாடத்தைத் தம்முடையதாக்கிக்கொண்டார். குழந்தைகள் கலகலவென்று படித்தன. வேறொரு பள்ளியில் அட்டைகள் அழுக்குப் படாமல் பீரோவில் இருந்தன. மேலதிகாரி வருகிறார் என்று தெரிந்தால் வெளியே வரும். அவர் போனதும் திரும்பி உள்ளே போகும். வந்தவரும், அட்டவணையில் பெயர் எழுதியிருக்கிறதா, கம்பிப் பந்தலில் காகிதம் தொங்குகிறதா என்று பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டுப் போவார். ஒரு குழந்தையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல அவருக்கு நேரம் இருப்பதில்லை. நேரம் இருந்தாலும் படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

மேற்பார்வை என்ற சொல்லை எங்கள் ஊரில் லேசாக உச்சரிக்க முடியாது. 2004 ஜூலை 16-ந் தேதி இங்கே பள்ளிக்கூடம் ஒன்றில் தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டார்கள். ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள்; மேலே கீற்றுக் கூரை. பார்வையிட அதிகாரிகள் அன்றும் இருந்தார்கள், படிவங்களும் இருந்தன. பாடம் சரியாக நடக்காததை அந்தக் கோரத்தோடு ஒப்பிடுவது தகாது, நான் ஒப்பிடவில்லை. ஆனால் காகிதத்தைப் பார்க்கும் கண்ணும் குழந்தையைப் பார்க்கும் கண்ணும் வேறு வேறு என்பதை எங்கள் ஊரைவிட அதிகமாகத் தெரிந்துகொண்ட ஊர் இருக்க முடியாது.

கொரோனாவினால் பள்ளிகள் மூடிக் கிடந்து திறந்த பிறகு, 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற புதிய திட்டம் தொடங்கிற்று. முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை வயதைப் பாராமல் அவரவர் நிலையைப் பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிப்பது அதன் வழி. பெயர்கள் அழகானவை, யோசனையும் நல்லதே. ஏணிப்படியின் தங்கை என்றே சொல்லலாம். ஆனால், ஒவ்வொரு குழந்தையின் விவரத்தையும் கைப்பேசியில் பதிவதிலேயே பாட நேரம் கரைகிறது என்று ஆசிரிய சங்கங்கள் முறையிட்டன. படிவம் காகிதத்திலிருந்து கண்ணாடித் திரைக்குக் குடிபெயர்ந்துவிட்டது என்று தோன்றுகிறது!

பாடத்திட்டத்தைத் தலைமை தாங்கி நடத்துகிற பெரியவர்களிடம் என் விண்ணப்பம் மிகச் சிறியது. மாதத்தில் ஒரு நாள், முன்கூட்டித் தெரிவிக்காமல், ஏதாவது ஒரு கிராமப் பள்ளிக்கு வந்து, தாங்கள் அனுப்பிய பாடத்தை மூன்றாம் வகுப்புக்குத் தாங்களே முழுசாக நடத்த வேண்டும். கைப்பேசியை வாசலில் வைத்துவிட்டு வரலாம். நாற்காலி கிடைக்காது, பாயை நாங்கள் விரித்து வைக்கிறோம்.