எடைக்குப் போடும் முன் ஒரு படம் எடுங்கள்!

கிணற்று மேட்டு மோட்டார் அறையை எட்டிப் பாருங்கள். மூலையில் சாக்கு போர்த்திய ஆயில் இன்ஜின் ஒன்று பல தோட்டங்களில் இன்னும் கிடக்கிறது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தபோதே அதன் வேலை குறைந்துவிட்டது. கிணறு வற்றி போர்வெல் வந்த இடங்களில் அடியோடு நின்றது. முழுக்க வார்ப்பிரும்பு என்பதால் பழைய இரும்புக்காரர் கேட்டுக்கொண்டே இருப்பார். ‘கொடுத்துடலாமா?’ என்ற பேச்சு பல வீடுகளில் நடக்கிறது.

கொடுப்பதற்கு முன் அது என்ன இன்ஜின் என்று பாருங்கள். இரண்டு பக்கமும் பெரிய வீல், நிதானமாக ‘டக்... டக்...’ என்ற சத்தம் என்றால், அது பெரும்பாலும் லிஸ்டர் வகை. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரின் லிஸ்டர் கம்பெனி 1929-ல் கொண்டுவந்தது. 5 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 600 சுற்று. பிறகு 6 குதிரைத்திறன், 650 சுற்று. அதே அச்சில் குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் செய்து நாடெங்கும் அனுப்பின. பின்னால் வந்த 1,500 சுற்று இன்ஜின்களோடு ஒப்பிட்டால் பாதி வேகம்கூட இல்லை. அதனால்தான் தேய்மானம் குறைவு.

இங்கிலாந்தில் இந்த இன்ஜினைத் துடைத்து, ஓட்டிக் காட்டி, படம் பகிர்ந்துகொள்ள ஒரு கூட்டமே இருக்கிறது. அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. நமக்கு அது சோறு போட்ட பொருள். சத்தத்தை வைத்தே யார் தோட்டத்தில் தண்ணீர் பாய்கிறது என்று சொன்ன பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுங்கள். பெயர்த் தகட்டைத் தனியாக எடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து போய்விடும். எந்த வருஷம் வாங்கியது, என்ன விலை, எதை விற்று வாங்கினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

ஓட்டிப் பார்க்க ஆசை வரும். அவசரம் வேண்டாம். முதலில் கையால் வீலைச் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் நாசிலைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் டீசல் ஊற்றி ஓரிரு நாள் ஊறவிடுங்கள். சம்மட்டியால் அடித்தால் பிஸ்டன் போய்விடும். பழைய ஆயிலை வடித்துப் புதியது ஊற்றுங்கள். அதைவிட முக்கியம், டீசல் பம்பின் ரேக் தடையில்லாமல் முன்னும் பின்னும் நகர வேண்டும். துருப்பிடித்துத் திறந்த நிலையில் சிக்கியிருந்தால் கவர்னரால் வேகத்தைப் பிடிக்க முடியாது. வேகம் ஏறி வீல் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. வீலில் விரிசல் கண்டால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஹேண்டில் போடும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். வேட்டி, துண்டு, துப்பட்டா பக்கத்தில் வரக்கூடாது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் கூட இருப்பது நல்லது.

இன்ஜினுக்கும் முந்தியது கவலை (தெற்கே கமலை). அதன் தோல் தும்பி பெரும்பாலும் மட்கிப் போயிருக்கும். இரும்புச் சாலும் உருளையும் மட்டும் பரணில் இருக்கலாம். எது எந்தப் பாகம், வால்கயிறு எங்கே கட்டுவது என்று சொல்ல, மாடு ஓட்டியவர்களால்தான் முடியும். பழைய சைக்கிள் சக்கரத்தில் களைவெட்டி செய்த வீடுகளும் உண்டு. அது கடையில் கிடைக்காது, படம்கூட வேறெங்கும் இருக்காது; அளவுகளையும் சேர்த்துக் குறித்து வையுங்கள், பக்கத்துத் தோட்டக்காரர் அதைப் பார்த்தே ஒன்று செய்துகொள்வார்.